நிறுவனத்துக்கு முன்பே இருந்த நகரம்

நிறுவனங்கள் தாம் பிறந்த நகரத்தின் வரலாற்றை எழுதும்போது, தம் வருகைக்குப் பிறகே அந்த ஊருக்கு வாழ்வு வந்தது என்ற தொனியில் எழுதுகின்றன. நிறுவனர் வருகிறார், ஆலை எழுகிறது, ஊர் செழிக்கிறது. அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. இதைத் தற்பெருமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. இது வரலாற்றுப் பிழையும்கூட.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தைப் பாருங்கள். 1891-இல் ஜெரார்டு பிலிப்ஸும் அவருடைய தந்தை பிரெடெரிக்கும் மின்விளக்குத் தயாரிப்பைத் தொடங்கியது, ஏற்கெனவே அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு துணி ஆலையில். ஊரில் நெசவாலைகளும் சுருட்டு ஆலைகளும் முன்பே இயங்கிவந்ததால், ஆலை வேலைக்குப் பழகிய, குறைந்த கூலிக்குக் கிடைத்த தொழிலாளர்கள் இருந்தார்கள். ரயில் 1866-இலேயே வந்திருந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, 1869-இல் அந்த நாடு காப்புரிமைச் சட்டத்தையே நீக்கியிருந்தது என்பதாகும். 1912 வரை அத்தகைய சட்டம் அங்கே மீண்டும் நடைமுறைக்கு வரவில்லை என்பதால், பிறருடைய காப்புரிமைக்குக் கட்டணம் செலுத்தாமலேயே அங்கு விளக்குகளைச் செய்ய முடிந்தது. (தன் முயற்சியைப் போற்றிக்கொள்ளும் எந்த நிறுவனமும் விரும்பிச் சொல்லும் செய்தியன்று இது.)

பிலிப்ஸ் திருப்பித் தந்ததும் குறைவன்று: தொழிலாளர் குடியிருப்புகள், 1913-இல் கால்பந்துக் கழகம், 1914-இல் ஆய்வகம். சுற்றியிருந்த ஐந்து ஊராட்சிகள் 1920-இல் நகரத்தோடு இணைந்தன.

ஜப்பானின் கொரோமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, 1959-இல் தன் பெயரையே டொயோட்டா என்று மாற்றிக்கொண்டது. பட்டுத் தொழில் நலிந்ததால் புதிய பிழைப்பைத் தேடிக்கொண்டிருந்த ஊர் அது. 1938-இல் அங்கே கார் ஆலை திறக்கப்பட்ட கதையில் அந்தத் தேடலுக்கும் பங்குண்டு.

ஒரே நிறுவனத்தை நம்பிய வளர்ச்சியின் அபாயத்தையும் ஐந்தோவன் அனுபவித்தது. 1990-களில் பிலிப்ஸில் பெருமளவில் ஆள்குறைப்பு நடந்தது. தலைமையகமும் ஆம்ஸ்டர்டாமுக்குப் போயிற்று. ஆனால் ஆய்வகத்தில் பயின்ற பொறியாளர்களும், 1956-இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அங்கேயே இருந்தார்கள். 1984-இல் பிலிப்ஸ் கூட்டாகத் தொடங்கிய ஏஎஸ்எம்எல், கணினிச் சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களைச் செய்து இன்று சந்தை மதிப்பில் பிலிப்ஸையே பல மடங்கு விஞ்சி நிற்கிறது. அதன் தலைமையகம் ஐந்தோவனை ஒட்டிய வெல்தோவனில்தான் இருக்கிறது.