25-வது இடம் யாருடையது?

பேரி பாண்ட்ஸ் பெயரை எடுத்தால் போதும், பேஸ்பால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 762 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலி தாண்டும் அடி) அடித்தவரை ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருப்பது அநியாயம் என்பது ஒரு கட்சி. ஸ்டீராய்டு ஏற்றி அடித்ததை ரெக்கார்டிலிருந்தே தூக்கு என்பது மறு கட்சி. 2007-ல் அவர் ஹேங்க் ஆரனின் சாதனையைத் தாண்டி அடித்த 756-வது பந்தை ஏலத்தில் எடுத்த தொழிலதிபர், அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பே வைத்தார். சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்டும் நட்சத்திரக் குறி (*) பொறித்து அனுப்பு என்றார்கள் ரசிகர்கள். தோலில் அந்தக் குறி வெட்டப்பட்ட பந்து கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அடித்தவர் போகவில்லை. 2022-ல், பேஸ்பால் செய்தியாளர்களின் வாக்கெடுப்பில் பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், அவருக்குக் கிடைத்தது 66 சதவீத வாக்கு. தேவை 75.

இருபது வருஷமாக இதே சண்டைதான். இதில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. ஆரன், ஒரே சீசனில் 61 ஹோம் ரன் அடித்த மாரிஸ், பாண்ட்ஸ் என்று சாதனைக்காரர்களின் கணக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிஜமாகப் பறிகொடுத்தவன் யார் என்று கேட்பதே இல்லை. அன்றைக்கு 30 அணி, அணிக்கு 25 பேர், மொத்தம் 750 இடம். மருந்தில்லாமல் ஆடி, 25-வது இடத்துக்கும் 26-வது இடத்துக்கும் நடுவில் நின்றவன்தான் பறிகொடுத்தவன். 2003-ல் மேஜர் லீக்கில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 3 லட்சம் டாலர். ஒரு படி கீழே, மைனர் லீக்கில், பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறவனுக்கு அது கனவு.

“ஊசி போட்டால் கண் கூர்மையாகிவிடுமா? 95 மைல் வேகப் பந்தை மட்டையில் வாங்கத் திறமைதானே வேண்டும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். திறமை வேண்டும்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மட்டையிலிருந்து கிளம்பும் பந்தின் வேகம் மணிக்கு 1 மைல் கூடினால் பந்து சுமார் 5 அடி தூரம் கூடுதலாகப் போகும். நடுவேலி 400 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 388 அடி போகும் பந்து, வேலிக்கு முன்னால் ஃபீல்டர் கையில் கேட்ச். அதே கண், அதே அடி, 3 மைல் வேகம் மட்டும் கூடுதல் என்றால் 403 அடி, ஹோம் ரன். ஒரு சீசனில் வேலிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடியில் விழுகிற பந்துகள் ஒவ்வொரு பேட்டருக்கும் கணிசமாக உண்டு. அதனால் தசையில் கூடுகிற சிறு பலம், ஹோம் ரன் எண்ணிக்கையில் பல மடங்காகத் தெரிகிறது. அதைவிட முக்கியம், உடம்பு மீள்கிற வேகம். ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஆகஸ்டில் எல்லோருக்கும் கால் கனக்கும். மருந்து எடுத்தவன் மட்டும் ஏப்ரல் மாதம் போல் வந்து நிற்பான். பேஸ்பாலின் ஊக்கமருந்து பற்றி விசாரித்து 2007-ல் வந்த மிட்செல் அறிக்கையில் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பெயர் அத்தனை இருந்ததற்கு இதுவும் காரணம்.

நிர்வாகத்துக்குத் தெரியாமல் நடந்ததா? 1991-லேயே கமிஷனர் ஃபே வின்சென்ட் ஸ்டீராய்டு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். சோதனை இல்லாத தடை அது. 1994-ல் வேலைநிறுத்தத்தால் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரே ரத்தாகி, கூட்டம் குறைந்து கிடந்த ஆட்டத்துக்கு 1998-ல் உயிர் கொடுத்தவர்கள் மார்க் மெக்வயரும் சாமி சோசாவும். அந்த சீசனில் ஒருவர் 70 ஹோம் ரன், ஒருவர் 66. அந்த ஆகஸ்டில் ஒரு செய்தியாளர் மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற ஹார்மோன் மருந்துக் குப்பியைப் பார்த்து எழுதினார். அமெரிக்காவில் அது அன்று கடையில் வாங்கக்கூடிய பொருள். பேஸ்பாலில் தடையும் இல்லை. ஒலிம்பிக்கில் தடை இருந்தது. ஆனால் ரசிகர்களின் கோபம் திரும்பியது எழுதியவர் மேல். அதில் நம் பங்கும் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்வயர் ஸ்டீராய்டு எடுத்ததை 2010-ல் ஒப்புக்கொண்டார். அந்தக் காலம் முழுக்கத் தலைமையில் இருந்த கமிஷனர் பட் சீலிக், 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். இவர் உள்ளே, பாண்ட்ஸ் வெளியே என்பதற்கு என்ன நியாயம் சொன்னாலும் எனக்கு ஏறவில்லை.

சோதனை வந்தது 2003-ல், அதுவும் பெயர் வெளியிடாத கணக்கெடுப்பாக. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால்தான் அடுத்த வருஷம் முதல் முறையான சோதனை என்று வீரர் சங்கத்தோடு ஒப்பந்தம். வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தும் 5 முதல் 7 சதவீதம் பேர் சிக்கினார்கள். எளிதில் பிடிபடும் மருந்தை எடுத்தவர்கள்தான் அதில் மாட்டுவார்கள். வசதி உள்ளவர்களுக்கு பால்கோ என்ற கலிஃபோர்னிய ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே தந்த ‘கிளியர்’ அதுவரை எந்த ஆய்வகமும் தேடாத புது ஸ்டீராய்டு. ‘கிரீம்’ இன்னும் தந்திரமானது. சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். சாதாரண ஆளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். நாலுக்கு ஒன்றைத் தாண்டினால் சந்தேகம். கிரீமில் இரண்டையும் சேர்த்தே கலந்துவிட்டார்கள், விகிதம் அசையாது. ஒரு தடகளப் பயிற்சியாளர் 2003-ல் கிளியர் மிச்சமிருந்த ஒரு சிரிஞ்சை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பியிராவிட்டால் அந்தக் கடை இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ. இப்போது விகிதத்தோடு நிற்பதில்லை, கார்பன் ஐசோடோப்பையும் பார்க்கிறார்கள். தாவர மூலப்பொருளிலிருந்து செய்த டெஸ்டோஸ்டிரோனில் கார்பன்-13 குறைவாக இருக்கும். உடம்பு தானாகச் சுரந்ததல்ல என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எத்தனை நல்ல சோதனையும் நடைமுறையில் ஓட்டை விழுந்தால் போச்சு. மில்வாக்கி அணியின் நட்சத்திரம் ரையன் பிரான் வழக்கு அப்படித்தான். 2011 அக்டோபர், சனிக்கிழமை மாலை எடுத்த மாதிரி. விகிதம் 20-க்கும் மேல். சேகரித்தவர் அன்றைக்கே கூரியரில் போடாமல் வீட்டில் வைத்திருந்து திங்கட்கிழமை அனுப்பினார். சீல் எதுவும் உடையவில்லை. ஆனாலும் விதிப்படி கைமாறவில்லை என்று நடுவர் 2012-ல் தண்டனையை ரத்து செய்தார். பிரான் நிருபர்கள் முன்னால் நின்று, மாதிரி எடுத்தவர் மேலேயே சந்தேகம் விழும்படி பேசினார். அடுத்த வருஷம், வீரர்களுக்கு மருந்து விற்ற பயோஜெனிசிஸ் என்ற ஃபுளோரிடா கிளினிக் விவகாரத்தில் மாட்டி 65 ஆட்டத் தடை வாங்கியபோதுதான் உண்மையை ஒப்புக்கொண்டார். ஹோம் ரன் சாதனையை விட, பிழைப்புக்கு வேலை பார்த்த ஒரு சாதாரண மனிதர்மேல் விழுந்த அந்தப் பழிதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, தண்டனை போதுமா? முதல் முறை 80 ஆட்டம், இரண்டாவது 162, மூன்றாவது நிரந்தரத் தடை. 2014 முதல் இதுதான் அளவு. கேட்க கடுமையாக இருக்கும். பணத்தைப் பாருங்கள். ஜானி பெரால்டா 2013-ல் 50 ஆட்டம் தடையில் இருந்தார். அந்த வருஷம் முடிவதற்குள் 4 வருஷத்துக்கு 5.3 கோடி டாலர் ஒப்பந்தம். அதே பயோஜெனிசிஸில் 50 ஆட்டம் வெளியே இருந்த நெல்சன் குரூஸ் அடுத்த வருஷம் 40 ஹோம் ரன் அடித்தார், பிறகு 4 வருஷத்துக்கு 5.7 கோடி. 2022-ல் 80 ஆட்டத் தடை வாங்கிய ஃபெர்னாண்டோ டாட்டிஸின் 34 கோடி டாலர் ஒப்பந்தத்தில், தடைக் காலச் சம்பளம் தவிர ஒரு பைசா குறையவில்லை. தண்டனைக் காலம் முடிந்தவர் திரும்பி ஆடுவதில் தப்பில்லை. ஆனால் மருந்தால் கூடிய விலை அவர் பையிலேயே தங்குகிறது என்றால், கீழே மைனர் லீக்கில் இருக்கும் பையனுக்கு நாம் என்ன பாடம் சொல்கிறோம்?

என்னைக் கேட்டால், ஆட்ட எண்ணிக்கையை ஏற்றுவதில் பயனில்லை. முதல் முறை மாட்டினால் அடுத்த இரண்டு சீசன் குறைந்தபட்சச் சம்பளம். இரண்டாவது முறை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அணிக்கு. அணியையும் சும்மா விடக்கூடாது. மிச்சமாகும் பணம் மைனர் லீக் வீரர்களுக்குப் போகட்டும், இல்லையென்றால் சுமையான ஒப்பந்தத்தைக் கழற்றிவிட இதுவே சாக்காகிவிடும். வீரர் சங்கம் எதிர்க்கும். அவர்கள் கவலையிலும் ஒரு நியாயம் உண்டு: கலப்படமான சப்ளிமெண்ட் பவுடரால் மிக நுண்ணிய அளவு மருந்து சிறுநீரில் வரலாம். அந்த மாதிரி வழக்குகளைத் தனியாக, சுதந்திரமான நடுவரிடம் விடலாம். பயோஜெனிசிஸ் ரகத்தை அதோடு சேர்த்துக் குழப்ப வேண்டியதில்லை.

பிட்சர்கள் பிடிப்புக்காகப் பந்தில் பிசின் தடவுகிற விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபமில்லை. கேப்டவுனில் உப்புத்தாள் தேய்த்ததைப் பார்த்த நமக்கு அது புதிதும் அல்ல. 2021 ஜூனிலிருந்து நடுவர்கள் பிட்சரின் கை, தொப்பி, பெல்ட் எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறார்கள், மாட்டினால் 10 ஆட்டம். பெரும்பாலும் அடங்கிவிட்டது.

வேர்ல்ட் சீரிஸ் வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அதே 2017-ல் செய்தது வேறு. இரண்டாவது பேஸில் நிற்கிற ரன்னர், எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்று கேட்சர் பிட்சருக்குக் காட்டும் விரல் சைகையைக் கண்ணால் படித்துச் சொல்வது ஆட்டத்தின் பகுதி. அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. இவர்கள் சென்டர் ஃபீல்டு கேமராவின் படத்தை, டக்அவுட்டுக்குப் பின்னால் உள்ள வழியில் மானிட்டர் வைத்துப் பார்த்தார்கள். சைகை புரிந்ததும் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியை மட்டையால் அடிப்பார்கள். சத்தம் வந்தால் வேகம் குறைந்த, வளைகிற பந்து. சத்தம் இல்லையென்றால் வேகப் பந்து. பந்து வந்து சேர ஆகும் நேரமே சுமார் 0.4 விநாடி. என்ன வருகிறது என்று முன்பே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2020 ஜனவரியில் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், பொது மேலாளருக்கும், களத்தில் அணியை நடத்தும் மேனேஜருக்கும் ஒரு வருஷம் தடை. உண்மையைச் சொல்ல விலக்கு கொடுத்ததால் வீரர் ஒருவருக்கும் தண்டனை இல்லை. அடுத்த வருஷம் அனாஹெய்மில் ரசிகர்கள் காற்றடைத்த குப்பைத் தொட்டியை மைதானத்துக்குள் எறிந்தார்கள். டிராஃபியைப் பிடுங்கு என்பதுதான் எங்கும் கோஷம்.

டிராஃபி கிடக்கட்டும். மைக் போல்சிங்கர் என்று ஒரு பிட்சர், டொரன்டோ அணி. நட்சத்திரம் இல்லை, அந்த வருஷம் அவர் வீசியதும் சுமார்தான். நான் சொன்ன அந்த 25-வது இடத்து மனிதர். 2017 ஆகஸ்ட் 4, ஹூஸ்டனில் நாலாவது இன்னிங்ஸ் நடுவில் பந்தை வாங்கினார். ஒரே ஒரு பேட்டரை வெளியேற்றுவதற்குள் 4 ஹிட், 3 வாக் (தவறாக வீசிய பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), 4 ரன். பின்னாளில் ஒரு ஆஸ்ட்ரோஸ் ரசிகரே அந்த சீசனின் வீடியோக்களை உட்கார்ந்து கேட்டுச் சத்தங்களை எண்ணினார். அவர் கணக்கில் தொட்டிச் சத்தம் அதிகம் கேட்டது அந்த ஆட்டத்தில்தான். போல்சிங்கர் 2020-ல் வழக்குப் போட்டார், நிற்கவில்லை. அன்று அவர் வீசியது 29 பந்து. ஆட்டம் முடிந்ததும் அணியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு ஜப்பானில் சிபா லோட்டே அணிக்கு வீசினார். மேஜர் லீக்கில் இன்னொரு பந்து அவர் வீசவே இல்லை.