45 சண்டை, ஒரே ஒரு தோல்வி

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவில் பேசியவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. களியக்காவிளை முதல் மார்த்தாண்டம் வரை எல்லா குரூப்பிலும் வீடியோ சுற்றியாகிவிட்டது. குத்துச்சண்டைப் பையன்களை வரிசையாக நிற்க வைத்து, "ரிடிக் போவ் மாதிரி தின்னே கெட்டுப் போயிராதீங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன் போவ் எதிர்பார்த்த உயரத்துக்கு வரவில்லை. சரி, அதை நான் மறுக்கவே இல்லை. 1992 நவம்பரில் அப்போதைய சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனபோது அவனுக்கு வயது 25. ஆறடி ஐந்து அங்குலம். அவ்வளவு உயரமானவர்கள் தள்ளி நின்று குத்துவார்கள். இவன் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்றும் குத்துவான். அந்தச் சண்டையின் பத்தாவது ரவுண்டை ஒரு தடவை பாருங்கள். இன்னும் பத்து வருஷத்துக்கு இவனை அசைக்க ஆளில்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 235 பவுண்டு எடையில் ஜெயித்தவன், அதே ஹோலிஃபீல்டோடு ரீமேட்சுக்கு 246 பவுண்டோடு வந்து தோற்றான்.

அதற்காகச் சோம்பேறியா? நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில், டைசன் வளர்ந்த அதே பேட்டை. 13 பிள்ளைகளில் 12-ஆவது. பயிற்சியாளர் எடி ஃபட்ச் முதலில் இவனைச் சேர்க்கவே தயங்கினார். தான் ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, விடியும் முன் ஒளிந்து நின்று பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டே அவன் மேட்டில் ஓடி வந்தான். சோம்பேறி செய்கிற வேலையா அது?

"சாம்பியன் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டானே, லெனாக்ஸ் லூயிஸோடு மோதப் பயந்துதானே?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் லூயிஸிடம் தோற்றவன்தான். மறுபடி மோதியிருக்க வேண்டும், எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் பயந்தாங்கொள்ளி ஹோலிஃபீல்டோடு மூன்று தடவை ஏறுவானா? 1995-இல் கீழே விழுந்து எழுந்து, எட்டாவது ரவுண்டில் ஹோலிஃபீல்டையே முடித்தவன் அவன். மொத்தம் 45 சண்டை, ஒரே ஒரு தோல்வி. மேடையில் பேசியவருக்கு இது தெரியுமா?

அவனை அழித்தது தோல்வியே இல்லை. 1996-இல் போலந்து வீரன் கொலோட்டாவோடு இரண்டு சண்டை. இரண்டிலும் கொலோட்டா இடுப்புக்குக் கீழே குத்திக் குத்தித் தகுதி இழந்ததால், கணக்கில் இரண்டும் போவுக்கு வெற்றி. முதல் சண்டைக்குப் போவ் வந்தது 252 பவுண்டோடு. அதற்குப் பிறகு ஃபட்ச் விலகிவிட்டார். 1975 மணிலாவில் முகமது அலியோடு நடந்த சண்டையில், பதினைந்தாவது ரவுண்டுக்கு முன்னால் தன் வீரன் ஜோ ஃப்ரேசியரை எழவிடாமல் நிறுத்திய அதே ஃபட்ச். டிசம்பரில் நடந்த இரண்டாவது சண்டையில் போவ் தலையில் அடிமேல் அடி வாங்கியபோது அவன் மூலையில் அவர் இல்லை. போதும் என்று சொல்லவும் ஆளில்லை. சண்டை முடிந்து பேசும்போது வார்த்தை குழறியது, கேட்டுப் பாருங்கள். அவன் உடம்பை வைத்துச் சம்பாதித்தவர்கள் எத்தனை பேர்! பழி மட்டும் அவன் வயிற்றுக்கு.

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான். 91 கிலோப் பிரிவு. நெற்றி லைட்டோடு ரப்பர் பால் வெட்டிவிட்டு, விரலில் காய்ந்த பாலைப் பஸ்ஸில் உரித்துக்கொண்டே பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் போய்ப் பயிற்சி எடுத்தவன். அங்கே போனால் பாண்டி, இங்கே வந்தால் மலையாளத்தான். ஒரு போட்டியில் தலையில் அடிபட்டுச் சாய்ந்தான். கூட்டிப்போனவர்கள் ஒரு மாத்திரையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். அதோடு ஓயாத தலைவலி. விட்டுவிட்டான். இப்போது லாரிக்கு லோடு ஏற்றுகிறான். போன மாசம் ஒரு கல்யாண வீட்டில், "டைசன் ஆகப்போறேன்னான், பாத்தியா?" என்று பந்தியில் ஒருவர் ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சித்தி பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார்.

"உன் தம்பியும் போவும் ஒண்ணா?" என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. அவன் கோடிகளைப் பார்த்தவன், இவன் பஸ் காசுக்கு அல்லாடியவன். ஆனால் சிரித்தவர்கள் ஒரே ஆட்கள்தான். ஓடும்போது தண்ணீர்கூடக் கொடுக்காதவர்கள், நின்றதும் கணக்குக் கேட்க வந்துவிடுகிறார்கள். அவன் உங்களுக்கு என்ன கடன்பட்டான்? யாரிடம் வாங்கித் தின்றான்?

போவ் 1998-இல் மனைவி பிள்ளைகளைக் கடத்தின குற்றத்தையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது குற்றம், சிறைக்குப் போனான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அவன் வக்கீல்கள் வாதாடினார்கள். தின்னே கெட்டவன் என்று சிரிப்பவர்கள் இதையும் படிக்கட்டும். 2015-இல் குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேமில் அவனைச் சேர்த்தவர்கள் குத்துச்சண்டை தெரியாமலா சேர்த்தார்கள்?

இதை அந்தப் பேச்சாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்க நினைக்கிறவர்கள் தாராளமாகக் கொடுங்கள். அந்த வரிசையில் நின்ற பையன்களில் சிலரிடம் ஒழுங்கான ஹெட்கார்டுகூடக் கிடையாது. பந்தலுக்கும் பொன்னாடைக்கும் காசு இருந்ததே, முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். அடுத்த வருஷம், தலையில் அடிபட்ட பையனை எத்தனை நாள் ரிங்கில் ஏற்றக்கூடாது என்று சொல்லத் தெரிந்த ஒரு டாக்டரைக் கூப்பிட்டு அவர் கையில் மைக்கைக் கொடுங்கள்.