"சிங்கப்பூர்ல ஒரு வீடு வாங்கலையாடா?"

ஊருக்குப் போனால் பெரியப்பா முதலில் கேட்பது இதைத்தான்.

வாங்கலாம் பெரியப்பா. ஆனால் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவனுக்கு வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) வீடு கிடையாது. தரைவீட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். மிச்சம் கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி வீடு. 15 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒன்று பார்த்தேன். அதற்குக் கூடுதல் முத்திரை வரி 60 சதவீதம், அதாவது 9 லட்சம் வெள்ளி! எல்லோரும் கட்டும் வழக்கமான முத்திரை வரி 44,600 வெள்ளி தனி. கையெழுத்துப் போட்ட 14 நாளில் கட்டியாக வேண்டும். இதற்கெல்லாம் வீட்டுக் கடனும் கிடைக்காது.

2018-ல் இந்தக் கூடுதல் வரி 20 சதவீதம். 2021 டிசம்பரில் 30. 2023 ஏப்ரலில் ஒரே ராத்திரியில் 60. "கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்" என்று உட்கார்ந்திருந்த என் சாமர்த்தியத்தை என்ன சொல்ல?

உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கட்டுப்படியாக வேண்டும், சரி, அது நியாயம். எரிச்சல் எங்கே என்றால், பக்கத்து மேசை அமெரிக்கருக்கு முதல் வீட்டுக்கு அந்தக் கூடுதல் வரி பூஜ்யம். தடையற்ற வணிக ஒப்பந்தமாம். நார்வே, சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கும் அப்படியே. இந்தியாவும்தான் 2005-ல் ஒப்பந்தம் போட்டது. நமக்கு இந்தச் சலுகை இல்லை.

பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மலேசியாவுல பாரேன்" என்றார்.