பரிசோதனை இலவசம், ஆனால் போவதற்கு வழி?

எங்கள் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றிப்போயிருந்தது. தீட்டு நின்று பல வருஷம் கழித்தும் ரத்தம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டு கிலோமீட்டர்தான். அங்கே பரிசோதனைக்கு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனாலும் அவர் போகவில்லை.

இலவசம் என்று போர்டு வைத்தால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்களோடுதான் என் சண்டை.

நான் முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாகப் போனேன். பயந்துகொண்டேதான் படுத்தேன். நர்ஸ் அக்கா நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது நம் வினிகர் மாதிரி ஒன்றில், பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைத்தார். "ஒரு நிமிஷம்மா, மூச்சை நல்லா விடுங்க" என்றார். கோளாறான இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியுமாம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, எழுந்திரிங்க" என்றார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் தள்ளிப்போட்டோம் என்று வெளியே வந்து அழுதேன்.

இந்த எளிய சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை, பயிற்சி பெற்ற நர்ஸுகளே ஒரே ஒரு தடவை சோதித்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள், மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. 2007இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும், தமிழ்நாட்டில் இந்தப் புற்றுநோய்க்கான சோதனையைச் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

ஏன்? எங்கள் மகளிர் குழுவில் கேட்டுப் பார்த்தேன். "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி அங்க பாக்க என்ன இருக்கு?" என்றார் ஒரு அக்கா. இன்னொருவருக்கு ஒருநாள் கூலி போய்விடும். ஒருத்தி போயிருக்கிறாள், ஆனால் கதவில்லாத அறையில் பாதி கிழிந்த திரை. சுகர் மாத்திரைக்கு நிற்கும் ஆண்கள் வரிசை அதற்கு நேர் எதிரே. அப்படியே திரும்பி வந்துவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு?

சந்தேகம் என்றால் அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்களே, அதில்தான் பாதிப்பேர் காணாமல் போகிறார்கள் என்பது என் எண்ணம். அந்தச் சீட்டு அரிசி டப்பாவுக்குள் போய்விடும். புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் பல பேருக்கு, அந்த இடத்தைச் சூடு வைத்தோ உறையவைத்தோ அன்றைக்கே அங்கேயே சரிசெய்துவிடலாம். அப்படிச் செய்யுங்கள்.

2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே அக்கறை இதற்கும் வேண்டும். குழுக் கூட்டம் நடக்கும் நாளில் வாருங்கள், நூறு நாள் வேலை முடிகிற நேரத்தில் வாருங்கள். தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை, பெண் நர்ஸ் ஒருவர், போதும். பெண்களே தங்களுக்குத் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஹெச்.பி.வி. சோதனையை, அதாவது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை, உலக சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். அதைக் கிராமத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

முப்பது வயது தாண்டிய தங்கச்சிகளே, அக்காக்களே, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாலும் போய்ப் பாருங்கள். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால், தீட்டு நின்றபின் கசிவு இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு எங்கள் அண்ணியைக் கூட்டிப்போகிறேன். "நீயும் உள்ள வந்து நில்லு" என்றிருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.