இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகிவிடுமா?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு விளம்பரம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இருமொழிப் பிள்ளைகளுக்கு மூளை வேகம் அதிகம், விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்கிறார்கள். கூடவே 'வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்' என்று ஒரு அறிவுரை. அப்படிப் பேசினால் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரே மொழிதானே ஐயா!

விஞ்ஞானமும் அப்படி அடித்துச் சொல்லிவிடவில்லை. இந்தப் பேச்சு பரவியதில் 2004இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. டொரண்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியாலிஸ்டாக் குழு செய்தது. அதில் சோதிக்கப்பட்டவர்களில் இந்தியாவில் வாழும் தமிழ்-ஆங்கிலம் பேசுபவர்களும் இருந்தார்கள், நம்ம ஆட்கள்தான். திரையில் ஒரு நிறம் வந்தால் இடது பொத்தான், இன்னொன்று வந்தால் வலது பொத்தான். எந்தப் பக்கம் வருகிறது என்பதைக் கண்டுகொள்ளக் கூடாது. இடது பொத்தானுக்குரிய நிறம் வலப்பக்கம் முளைத்தால் கை தடுமாறும். கனடாவின் ஒருமொழிக்காரர்களைவிட நம்மவர்கள் குறைவாகத் தடுமாறினார்கள். வயதானவர்களிடம் வித்தியாசம் இன்னும் அதிகம்.

சரி, ஒரு தரப்பு இந்தியாவில், மறு தரப்பு கனடாவில். எல்லாவற்றையும் மொழிக் கணக்கில் எழுதிவிட முடியுமா? அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்பச் செய்யவைத்ததும் இடைவெளி மறைந்தது. அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 4,500 பேருக்கு மேல் எடுத்துக்கொண்ட 2019 ஆய்வில் இந்த அனுகூலம் தென்படவே இல்லை. விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள்.

எனக்கு இதைவிடச் சுவாரசியம், மொழி தாவும் அந்த நொடி. 1999இல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இருமொழிக்காரர்களுக்குத் திரையில் எண்களைக் காட்டி, பின்னணி நிறத்துக்கு ஏற்றபடி ஏதாவது ஒரு மொழியில் சொல்லச் சொன்னார்கள். மொழி மாறும் இடத்தில் தாமதம் வரும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகம்! அரைகுறை மொழியில் பேசும்போது, முந்திக்கொண்டு வரும் தாய்மொழியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிடியை விடத்தான் நேரமாகிறது என்பது அவர்கள் விளக்கம்.

அதற்காக எல்லாத் தாவலும் ஒன்றல்ல. டேவிட் கிரீன், ஜூபின் அபுதலேபி என்ற ஆய்வாளர்கள் 2013இல் முன்வைத்த கருத்து எனக்குச் சரியாகப் படுகிறது. 'மச்சி, மீட்டிங்க போஸ்ட்போன் பண்ணிட்டாங்க, லஞ்ச் போலாமா' என்பதில் எந்த மொழியையும் அடக்க வேண்டியதில்லை. வாயில் வந்ததைப் போட்டுக்கொண்டு போகலாம். பெங்களூரு மார்க்கெட்டில் பூ விற்கும் அக்காவின் கதை வேறு. இவருக்குக் கன்னடத்தில் முழம் விலை, அடுத்தவரிடம் தெலுங்கில் பேரம், நடுவில் மகனுக்குத் தமிழில் திட்டு. முகத்தைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுத்து மற்றதை நிறுத்தி வைக்க வேண்டும். மூளையின் கட்டுப்பாட்டுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 மறதிநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. இது காரணத்தை நிரூபிக்காது, தெரியும். ஆனாலும் கல்லூரிப் பிள்ளைகளைப் பொத்தான் தட்டவைப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஆய்வாளர்கள் இந்த நோயாளிகள், பூக்கார அக்கா போன்றவர்களிடம் இன்னும் நிறையப் போக வேண்டும் என்பேன்.