பழைய பேட்டரியின் பெட்டியை எறிந்துவிடாதீர்கள்

பழைய கார்களின் அசல் பேட்டரியில் புதிய அமிலம் ஊற்றினால் உயிர் வந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பல்லாண்டுகள் சும்மா கிடந்த ஈயத் தகடுகளில் சல்பேட் (ஈயமும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் உப்பு) இறுகிப் படிந்திருக்கும். அமிலத்தை மாற்றுவதால் அது கரைந்துவிடாது.

ஆனால் அந்தப் பெட்டி இருக்கிறதே, அதுதான் பொக்கிஷம்! கெட்டி ரப்பரில் வார்த்த உடல், தார் ஊற்றி அடைத்த மேற்பகுதி, செல்களை (பேட்டரியின் தனித்தனி அறைகளை) இணைத்து வெளியே தெரியும் தடித்த ஈயப் பட்டைகள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டியில் இந்த அழகை எங்கே காண்பது? நான் தகடுகளை எடுத்துவிட்டு, மீந்த அமிலத்தைச் சமையல் சோடா கரைசலால் முறித்து, கழுவிக் காயவைத்து, உள்ளே சிறிய மூடிய பேட்டரி ஒன்றைப் பொருத்திப் பழைய முனைகளோடு இணைக்கிறேன். ஈயத்தூள் நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கழித்த தகடுகளைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.

பழைய பெட்டியை வாங்கும்போது மேலுள்ள செல் மூடிகளை எண்ணிப் பாருங்கள்: மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12 வோல்ட். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். அவசரத்தில் மாற்றி இணைத்துவிடாதீர்கள்.