ஆண்டு பாஸ் விலை ஏறுகிறது, உரிமை குறைகிறது

தீம் பார்க் ஆண்டு பாஸைப் புதுப்பிக்கும் காலம் வந்தாலே எங்கள் வீட்டில் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. "இதெல்லாம் ஆடம்பரச் செலவு, பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் இருக்க வேண்டியதுதானே, இதற்கு ஒரு பதிவா?" என்று சிலர் கேட்கக்கூடும். சோறும் மருந்தும் போல இது இன்றியமையாத ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் வளர்கிற ஆண்டுகளில் ஒரு குடும்பம் சேர்ந்து செலவிடும் நேரம் எனக்குப் பெரிய விஷயம். அந்த நேரத்தை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் மக்களை இந்தத் தொழில் நடத்தும் விதம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் விலை. கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாண்டை எடுத்துக்கொள்வோம். உலகத் தீம் பார்க்குகள் பலவும் அதைப் பார்த்துத்தான் நடை பழகுகின்றன. 2015 அக்டோபர் வரை அங்கே ஆண்டின் எல்லா நாட்களும் உள்ளே போக அனுமதிக்கும் உயர்ந்த பாஸின் விலை 779 டாலர். அந்த மாதம் அதே உரிமைக்கு 1,049 டாலர் என்றார்கள். ஒரே நாளில் 270 டாலர் ஏற்றம். பெருந்தொற்றுக் காலத்தில் பூங்கா மூடிக் கிடந்தபோது, 2021 ஜனவரியில் பழைய பாஸ் திட்டத்தையே கலைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 'மேஜிக் கீ' என்ற புதிய பெயரில் நான்கு படிநிலைகளோடு திரும்பி வந்தது. கீழ்ப்படி 399 டாலர், மேல்படி 1,399 டாலர். மறு ஆண்டு மேல்படி 1,599 ஆனது. 2023இல் 1,649, 2024இல் 1,749, 2025இல் 1,899.

பத்தே ஆண்டுகளில் 779இலிருந்து 1,899. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இதே பத்து ஆண்டுகளில் அமெரிக்காவின் பொது விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் உயர்ந்திருக்கிறது. சம்பளம், மின்சாரம், பராமரிப்பு என்று எந்தக் காரணத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது. ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டிலும் 2021இல் 1,299 டாலராக இருந்த உயர்ந்த பாஸ், 2025இல் 1,629 டாலருக்கு வந்துவிட்டது.

விலை ஏறியதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்வேன். ஏறிய விலைக்குக் கையில் கிடைப்பது சுருங்கிவிட்டதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. 2015இல் 779 டாலர் கொடுத்தவர் ஆண்டின் எந்த நாளிலும் உள்ளே போகலாம். இன்று 1,899 டாலர் கொடுப்பவருக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்களில் அந்தப் பாஸ் செல்லாது. மற்ற நாட்களுக்கும் முன்பதிவு செய்தாக வேண்டும்.

இந்த முன்பதிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இதன் வலி தெரியும்.

ஒருநாள் டிக்கெட் வாங்கியவர் காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பார். இரவு வாணவேடிக்கை முடியும் வரை ஓடிக்கொண்டே இருப்பார். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருக்கும், அது நியாயமானதும்கூட. பாஸ் வைத்திருப்பவரின் வருகை வேறு வகை. பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலையில் இரண்டு மணி நேரம் போய்வருவது, ஒரே ஒரு சவாரி, ஓர் ஊர்வலம், பிறகு வீடு. குழந்தைக்குத் தூக்கம் வந்தால் வருத்தமில்லாமல் கிளம்பிவிடலாம். மழை வந்தால் இன்னொரு நாள். வயதான பெற்றோரை அழைத்துச் சென்று ஒரு நிழலான பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கச் சொல்லலாம். கூட்டமும் இரைச்சலும் தாங்காத ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, பழகிய இடத்துக்குச் சிறிது நேரம் போய்த் திரும்புவதுதான் பொருத்தமான வருகை. நாள் முழுக்க அங்கே இருப்பது அந்தக் குழந்தைக்குத் தண்டனை. எங்களுக்குத் தெரிந்த சில குடும்பங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஆண்டுதோறும் பாஸ் எடுக்கின்றன.

நினைத்த நேரத்தில் போகலாம் என்பதற்காகத்தான் மக்கள் மொத்தமாகப் பணம் கட்டினார்கள். முன்பதிவு வந்ததும் அதுதான் முதலில் போனது. எந்த நாளில் மழை வரும், எந்த நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று வாரக்கணக்கில் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டு வராமல் போனால் அதற்கும் தண்டனை. டிஸ்னிலாண்டின் விதிப்படி, 90 நாட்களுக்குள் மூன்று முறை அப்படி வராமல் போனால் 30 நாட்களுக்குப் புதிய முன்பதிவு செய்ய முடியாது. பணம் முழுவதையும் கட்டிய ஒருவருக்குப் போடப்படும் தடை இது! நாங்கள் பாஸ் எடுக்கும் பூங்காவிலும் முன்பதிவு வந்த பிறகு, சனிக்கிழமைகள் எப்போதும் நிரம்பியே கிடந்தன. அதே நாளுக்கு ஒருநாள் டிக்கெட் மட்டும் தாராளமாக விற்பனையில் இருந்தது. இதைக் கண்ணால் பார்க்கும்போது வரும் எரிச்சலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் மட்டும் இப்படி உணரவில்லை. 2021இல் டிஸ்னிலாண்டின் 1,399 டாலர் பாஸை, பாஸ் செல்லாத 'தடை நாட்கள்' எதுவுமே இல்லாத பாஸ் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். வாங்கியவர்கள் முன்பதிவு செய்யப் போனால் பல நாட்கள் கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியிலேயே வழக்கு தொடரப்பட்டது. நிறுவனம் தன் மீது தவறில்லை என்று சொல்லிக்கொண்டே 2023இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பாதிக்கப்பட்டோர் ஒரு லட்சம் பேருக்கு மேல். ஆளுக்குச் சுமார் 67 டாலர் என்று கணக்குப் போட்டார்கள். 1,399 டாலர் கட்டியவருக்கு 67 டாலர்.

முன்பு பாஸோடும் டிக்கெட்டோடும் சேர்ந்தே வந்த வசதிகளும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு விலை ஒட்டப்பட்டன. வரிசையில் நிற்காமல் போவதற்கான ஃபாஸ்ட்பாஸ் 1999இல் இலவசமாக வந்தது. 2021இல் அதை எடுத்துவிட்டு, தினமும் தனிக்கட்டணம் கட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஃபுளோரிடா பாஸில் பூங்காப் புகைப்படங்கள் அடக்கமாக இருந்தன. அதே ஆண்டு அவற்றுக்கும் 99 டாலர் கூடுதல் என்றாகிவிட்டது.

இப்படியெல்லாம் ஏன் செய்கிறார்கள்? 2022இல் டிஸ்னி வெளியிட்ட காலாண்டு நிதி அறிக்கையிலேயே இதற்கான விடை இருக்கிறது. கலிஃபோர்னியாப் பூங்காவுக்கு வருபவர்களின் கலவை தங்களுக்குச் சாதகமாக இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். பாஸ் வைத்திருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார்கள். வெளியூரிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை வருபவர் விடுதியில் தங்குவார், மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவார், பொம்மையும் தொப்பியும் வாங்குவார். அடிக்கடி வருபவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார், தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவருவார். ஒரு நாளின் வரவை எண்ணினால் அவர் நஷ்டம். அவர்கள் கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கு தவறு என்றே நான் நினைக்கிறேன். ஓர் ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறார் என்று பார்க்க வேண்டியவரை ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழித்தார் என்று அளக்கிறார்கள். அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சமாகத்தான் வாங்குவார், ஆனால் வந்துகொண்டே இருப்பார். பூங்காவை ஒரு செவ்வாய்க்கிழமை திறந்து வைக்க ஆகும் செலவு, ஆயிரம் பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. சவாரிகள் ஓடித்தான் ஆக வேண்டும், ஊழியர்கள் நின்றுதான் ஆக வேண்டும். வெளியூர்க்காரர்கள் வராத அந்த நாட்களில் பூங்காவை உயிரோடு வைத்திருப்பவர்கள் பாஸ்காரர்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு முழு விலை டிக்கெட் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போகிறவர்களும் அவர்களே. புதிய சவாரி திறந்தால் முதல் வாரமே ஊருக்கெல்லாம் சொல்கிறவர்களும் அவர்களே. இதில் எதற்கும் அந்த அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

அடிக்கடி வருபவர்களை விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2022இல் சலுகைகளை வெட்டி விலையை ஏற்றியது. கோடை விடுமுறையில் பதின்வயதுப் பிள்ளைகளை மலிவாக விட்டுவிட்டுப் போகும் இடமாகத் தங்கள் பூங்காக்கள் ஆகிவிட்டன என்று அதன் தலைமை அதிகாரி முதலீட்டாளர்களிடம் வெளிப்படையாகவே பேசினார். கூட்டம் குறைந்தாலும் ஆளுக்கு அதிகமாகச் செலவழிப்பவர்கள் போதும் என்பது திட்டம். 2021இல் 2 கோடியே 77 லட்சமாக இருந்த வருகை 2022இல் 2 கோடியே 5 லட்சமாகச் சரிந்தது. ஆளுக்கான செலவு உயர்ந்தது உண்மைதான், ஆனால் மொத்த வருமானம் குறைந்துபோனது. பிறகு விலையைத் திருத்திக்கொண்டு மறு ஆண்டு 2 கோடியே 22 லட்சத்துக்குத் திரும்பினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை என்பதையும் இந்த எண்ணே சொல்கிறது.

கூட்ட நெரிசல் என்ற வாதத்தை நான் மறுக்க மாட்டேன். பாஸ்களை அளவில்லாமல் விற்றால் விடுமுறை நாட்களில் நடக்கக்கூட இடமிருக்காது, அதை அனுபவித்திருக்கிறேன். அதற்கு நேர்மையான வழி, எத்தனை பாஸ் விற்பது என்று எல்லை வைப்பது. ஃபுளோரிடாவில் 2021 நவம்பரில் பெரும்பாலான பாஸ்களின் புதிய விற்பனையை நிறுத்தி, 2023 ஏப்ரலில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. புதியவர்களுக்கு அது கசப்பாக இருந்திருக்கும். ஆனாலும் இருப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வழி அதுதான். எல்லாருக்கும் விற்றுவிட்டு, பிறகு முன்பதிவு என்ற பெயரில் பாதிப் பேரை வெளியே நிறுத்துவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பாஸ் தொகையை மாதாமாதம் பிரித்துக் கட்டும் தவணை முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழுத்தொகையையும் பார்த்து மலைப்பவர்கள்கூட மாதத் தொகையைப் பார்த்துத் தலையசைத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 150 டாலர் ஏற்றம் என்றால் கேள்வி கேட்போம், மாதம் பன்னிரண்டரை என்றால் கேட்காமல் விட்டுவிடுகிறோம். வட்டி இல்லை என்பது நல்லதுதான். ஆனால் தவணையில் வாங்குபவர்கள் புதுப்பிக்கும் நாளன்று முழுத்தொகையை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் நான்கால் பெருக்கியும் பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் போனால் பாஸ் கட்டுப்படியாகும் என்ற கணக்கையும் போடுங்கள். டிஸ்னிலாண்டின் ஒருநாள் டிக்கெட் கூட்டம் குறைந்த நாளில் 104 டாலர், உச்ச நாளில் 224 டாலர். உச்ச நாட்களாகவே போனால் 1,899 டாலர் பாஸ் ஒன்பதாவது வருகையில் கட்டுப்படியாகிவிடும். அந்தப் பாஸில் டிஸ்னிலாண்டு வளாகத்தில் உள்ள இரண்டு பூங்காக்களுக்கும் போகும் உரிமையும் வாகன நிறுத்தமும் அடங்கும் என்பதால் அதற்கு முன்பேகூட ஆகலாம். ஆனால் கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, ஒரே பூங்காவுக்குப் போகிறவருக்குப் பத்தொன்பதாவது வருகை வரை காத்திருக்க வேண்டும். அமைதியான நாளில் நிதானமாகப் போய்வர விரும்புகிறவர்தான் பாஸின் பழைய, உண்மையான வாடிக்கையாளர். அவருக்குத்தான் இன்றைய விலையில் மிகக் குறைந்த லாபம்.

நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாஸ் விற்கும் நாளில் என்ன விதி இருந்ததோ அது அந்த ஓராண்டு முடியும் வரை மாறக் கூடாது. தடை நாட்களின் பட்டியல் முழு ஆண்டுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒரு நாள் நிரம்பிவிட்டது என்றால் அன்றைய ஒருநாள் டிக்கெட் விற்பனையும் நிற்க வேண்டும். பல ஆண்டுகள் விடாமல் புதுப்பித்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே விலை என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பத்தாண்டு உறவுக்கு விலையில் ஏதாவது ஓர் அடையாளம் இருக்கத்தான் வேண்டும். வார நாட்களில் மாலை நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு மலிவான பாஸ் வந்தால், முதல் நாளே நான்கு வாங்கிவிடுவேன்.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் முழு பாஸைப் புதுப்பிக்கவில்லை. வார நாட்களுக்கான கீழ்ப்படிப் பாஸை எனக்கும் இளையவளுக்கும் மட்டும் எடுத்திருக்கிறோம். மற்ற இருவருக்கும் தேவைப்படும்போது டிக்கெட் வாங்கிக்கொள்வதாக முடிவு. ஏன் குறைத்துக்கொண்டோம் என்ற காரணத்தை, புதுப்பிக்கும் பக்கத்தில் கருத்துக் கேட்கும் பெட்டியில் முழுவதுமாக எழுதி அனுப்பினேன். உங்கள் பாஸ் முடியும் நாள் நெருங்கியிருந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் நிறுத்திவிட்டு, புதிய விதிகளைப் படித்த பிறகு முடிவெடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.